தூக்கி வீச முன் ஒருமுறை திறந்து பாருங்கள்



"சேர், வீட்டுக் கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. புதுசு வாங்குவமா?" சீகிரியாப் பக்கம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, புதுசு பலருக்கு எட்டாத விலை. முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள் என்பதே என் கருத்து.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் வரும். டிஸ்க் எந்நேரமும் 100% என்றால் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். படங்களையும் பாடக் கோப்புகளையும் பிரதி எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். மெமரி நிரம்பி நின்றால் 4 ஜீபி ரேமை 8 ஆக்குங்கள். பெட்டி சூடானால் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு விசிறியின் தூசியைத் தட்டுங்கள். நம்ம ஊர்ப் புழுதி தெரியும்தானே!

வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பத்து வருடப் பெட்டிகள் வின்டோஸ் 11 இன் தகுதிப் பட்டியலில் இல்லை. அதற்காக அவை குப்பையல்ல. லினக்ஸ் மின்ட் இலவசம். சாதாரண தர ஐ.சி.டி. பிள்ளை விரிதாளும் நிகழ்த்துகையும் அதிலேயே பழகலாம்.

பாடசாலைக்கு உதவ நினைக்கும் பழைய மாணவர்களே, புதிய கணினி ஒன்றோடு படம் எடுப்பதை விட, மூலையில் கிடக்கும் நான்கைத் திருத்திக் கொடுங்கள். வீண்விரயம் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல.