113 ரூபாய்க்கு அஞ்சலாமா?



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, ஒரு சகோதரரின் ஆபரேஷன் செலவுக்காகத் துண்டு ஏந்தி நிற்பவர்களை அடிக்கடிப் பார்க்கிறோம். சட்டைப் பையில் இருப்பதைப் போடுகிறோம், துஆ செய்கிறோம், வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த இரக்கம் நம் சமுதாயத்தின் சொத்து. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை. படுத்திருப்பவர் பத்து வருடம் ஒரே கடையில் உழைத்தவராயிற்றே! அவருக்காகத் துண்டு ஏந்தும் நிலை ஏன் வந்தது?

ஏழைக்கு அரசாங்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018ல் மத்திய அரசின் திட்டத்தோடும் இணைக்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அந்த அட்டை செல்லும். இதனால் உயிர் பிழைத்தவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதவுக்கு ஓர் அளவுகோல் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000 ரூபாய். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் விற்பனைக்கு நிற்கும் இளைஞன் 15,000 ரூபாய் வாங்கினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறான். அவன் பணக்காரனாகிவிட்டானா? இல்லை! ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் நகை அடகுக்குப் போகும் குடும்பம்தான் அதுவும்.

இந்தப் பள்ளம் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டம் 1965ல் வந்தது. வருமானம் கூடினால் அங்கும் அதிலிருந்து வெளியேற வேண்டும், முதலாளி தரும் காப்பீட்டில் சேர வேண்டும். கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்திருந்த தகுதிச் சோதனையை 2023ல் மீண்டும் தொடங்கியபோது, இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். ஒரு காப்பீட்டிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள் தவறி விழுபவர்கள் வல்லரசு நாட்டிலேயே இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதுதான் இ.எஸ்.ஐ.! 1948ல் சட்டமாகி, 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம். மில் தொழிலாளி வீடுகளில் பெரியவர்களைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் கம்பெனிக்கும் இது கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், ஏறக்குறைய 113 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 488 ரூபாய். தொழிலாளிக்கு நாளொன்றுக்கு நான்கு ரூபாய்கூட ஆகவில்லை.

இதற்கு என்ன கிடைக்கிறது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரிய சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும். இ.எஸ்.ஐ.யில் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது முதல் அறுவை சிகிச்சை வரை உண்டு. மனைவி, மக்களுக்கு உண்டு. இவனை நம்பி வாழும் தாய் தந்தைக்கும் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை 90 சதவீதம். வேலைக்குப் போகும் சகோதரிகளுக்குப் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். ஆஸ்பத்திரி பில்லை யாரோ கட்டிவிட்டாலும், அந்த மாத அரிசியை யார் வாங்குவது? அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லும் திட்டம் இது.

இளைஞனே! உன்னிடம்தான் முதலில் பேசுகிறோம். “பிடித்தம் வேண்டாம் பாய், முழுசாகக் கையில் கொடுங்கள்” என்று நீயே கேட்கிறாய். 113 ரூபாயை மிச்சம் பிடித்து, 488 ரூபாயை முதலாளிக்கு விட்டுக் கொடுக்கிறாய். இது எந்த ஊர்க் கணக்கு? வேலையில் சேர்ந்ததும் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கு. குடும்பத்தார் பெயர்களை ஆதாரோடு அதில் ஏற்று. மாதா மாதம் சந்தா கட்டப்படுகிறதா என்று உமாங் செயலியில் பார். நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். கடை மாறினாலும் அதே எண்ணையே புதிய இடத்தில் கொடு. பழைய அட்டையைக் கிழித்து எறியாதே. நாளை வேலை போய் வருமானம் குறைந்தால், கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

வணிகப் பெருமக்களே! பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடையில் ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டும் வழக்கம் நம்மவர்களிடமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மூன்று பேரும் யார்? நம் மஹல்லாவின் பிள்ளைகள்தானே! தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது சட்டப்படியே நம்பிக்கை மோசடி. மார்க்கப்படி அது அமானிதத்தில் கை வைப்பது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முதலாளியின் பங்கும் அந்தக் கூலியைச் சேர்ந்ததுதான்.

“இன்சூரன்ஸ் கூடுமா?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1985ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டைக் கூடாது என்றும், பரஸ்பர உதவியாக அமைந்த கூட்டுறவுக் காப்பீட்டை அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. இ.எஸ்.ஐ. லாபம் பங்கிடும் கம்பெனி இல்லை. சட்டம் கட்டாயமாக்கிய பொது நிதி. இன்னும் ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். ஆனால் வண்டிக்கும் சரக்குக்கும் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு, தொழிலாளியின் சந்தா வரும்போது மட்டும் பேணுதல் பேசினால், அதைப் பேணுதல் என்று யார் ஒப்புவார்?

“இ.எஸ்.ஐ.யில் கூட்டம், காத்திருக்க வேண்டும்” என்ற குறை உண்மைதான். குறையைத் தட்டிக் கேட்கவும் உள்ளே இருக்க வேண்டும். சந்தா கட்டியவன் உரிமையோடு கேட்பான். கட்டாதவன் கெஞ்சத்தான் முடியும்.

நெல்பேட்டை, முனிச்சாலைப் பக்கம் நான்கு பேர், ஐந்து பேர் வைத்து நடத்தும் சிறு கடைகள் ஏராளம். கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு வழி இருக்கிறது. முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால், பத்துப் பேருக்குக் குறைவான கடையும் தானாக முன்வந்து சேரலாம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பதிவேடு போடட்டும். மஹல்லாவில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர் யார்? இ.எஸ்.ஐ. எண் உள்ளவர் யார்? இரண்டும் இல்லாதவர் யார்? படித்த இளைஞர்கள் நான்கு பேர் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் கணக்கு கைக்கு வந்துவிடும். இரண்டும் இல்லாதவரின் முதலாளியை ஜமாஅத் நிர்வாகிகளே நேரில் சென்று பார்க்கட்டும், அன்போடு எடுத்துச் சொல்லட்டும். அவரும் நம் சகோதரர்தான், கேட்பார்.

இந்த மாதமே தொடங்குங்கள் சகோதரர்களே! நோய் நம்மிடம் தேதி கேட்டு வருவதில்லை.