கள்ளுக்கடை நாக்கும் ஜப்பான் பாட்டிலும்

"கள்ளுக்கடை நாக்குக்கு இதெல்லாம் ஏறாதுங்க."

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி வட்டாரத்துக் கல்யாண விருந்துகளிலும் பழைய மாணவர் சங்கச் சாப்பாட்டு மேசைகளிலும் இந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். சொல்கிறவர்கள் மாறுவார்கள், வாக்கியம் மாறாது. பக்கத்தில் நிற்கும் பாட்டிலும் அநேகமாக அதே பாட்டில்தான்: இருபத்துநான்கு பட்டை தீட்டிய கண்ணாடி, மேலே 21 என்ற எண். சன்டோரியின் ஹிபிகி என்ற ஜப்பானிய விஸ்கி. லங்காவிக்குப் போய்வந்த யாரோ வரியில்லாமல் வாங்கி வந்ததாக இருக்கும்.

அண்மையில் ஒரு பிரமுகர் இதை மேசையிலிருந்து மேடைக்கே ஏற்றிவிட்டார். ஜப்பான்காரன் செய்தால் கலப்படமில்லாத சுத்தமாம். வயதேறிய விஸ்கியில் தண்ணீர் ஊற்றுவது பாவமாம். இவ்வளவு விலை சும்மா ஏறுமா என்று கேட்டார். கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் குடித்து வளர்ந்த தோட்டத்துச் சனத்துக்கு இந்த ரசனை வர இன்னும் இரண்டு தலைமுறையாவது ஆகும் என்று முடித்தார். பலத்த கைதட்டல். தட்டிய கைகளில் பாதி, லயத்து வீட்டில் பிறந்த கைகள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சுத்தம். ஸ்காட்லாந்திலிருந்தோ கனடாவிலிருந்தோ பீப்பாய்க் கணக்கில் விஸ்கியை இறக்குமதி செய்து, ஜப்பானில் கலந்து, பாட்டிலில் அடைத்து, ஜப்பானிய விஸ்கி என்று விற்பதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலம் தடையே இருந்ததில்லை. சிலர் அப்படித்தான் விற்றார்கள். அங்குள்ள மதுத் தயாரிப்பாளர் சங்கம் 2021இல்தான் விதி வகுத்தது. நொதிக்க வைப்பதும் வடிப்பதும் ஜப்பானிலேயே நடக்க வேண்டும், மரப்பீப்பாயில் மூன்று ஆண்டுகளாவது அங்கேயே கிடக்க வேண்டும், அங்கேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். பழைய சரக்குகளுக்குக் கொடுத்த அவகாசம் 2024 மார்ச் வரை நீடித்தது. இதுவும் சங்கத்தார் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான். ஹிபிகி இந்த விதிக்கு உட்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரமுகர் ஹிபிகியைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு தேசத்துக்கே நற்சான்றிதழ் கொடுத்தார். அந்தத் தேசம் 1941 டிசம்பரில் ஜித்ரா வழியாகக் கெடாவுக்குள் நுழைந்ததும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்ததும் அவருடைய தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். விஸ்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். பொறுங்கள், வருகிறேன்.

அடுத்தது தண்ணீர்ப் பாவம். அவர் கையிலிருந்த பாட்டிலின் லேபிளிலேயே 43 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பீப்பாயிலிருந்து வரும்போது விஸ்கி அதைவிடக் காட்டமானது. மீதி வேலையைத் தண்ணீர்தான் செய்தது. பாவத்தைத் தொழிற்சாலையிலேயே செய்து முடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கலவை வல்லுநர்கள் மாதிரிகளை மோந்து பார்க்கும்போது காட்டம் 20 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை தண்ணீர் சேர்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். காட்டம் மூக்கை மரத்துப்போக வைக்கும். தண்ணீர் வாசனையை அவிழ்த்துவிடும். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2017இல் இதைக் கணினியில் கணக்கிட்டு எழுதினார்கள். நீர் சேரச் சேர, புகைமணம் தரும் குவயக்கால் என்ற மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறதாம். ஜப்பானில் சாதாரண மனிதர் விஸ்கி குடிப்பதே பெரும்பாலும் தண்ணீரும் பனிக்கட்டியும் கலந்த மிசுவாரியாகவோ, சோடா கலந்த ஹைபாலாகவோதான். சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். ஆக, ஜப்பானியர்களுக்கே ஜப்பானிய விஸ்கி குடிக்கத் தெரியாது போலிருக்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து யாராவது போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விலை ருசிக்குச் சாட்சி என்றார். அது பற்றாக்குறைக்குச் சாட்சி. ஜப்பானில் விஸ்கி விற்பனை 1980களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் சரிந்தது. விற்காத சரக்கை யார் வடிப்பார்கள்? குறைவாக வடித்தார்கள். அப்புறம் காற்று திசை மாறியது. சன்டோரியின் யமசாகி ஷெர்ரிப் பீப்பாய் விஸ்கியை ஜிம் மர்ரியின் 2015ஆம் ஆண்டு விஸ்கிக் கையேடு உலகின் முதல் இடத்தில் வைத்தது. ஸ்காட்லாந்தில் தொழில் கற்று, ரீட்டா என்ற பெண்ணை மணந்து திரும்பிய மசதாகா தாகெட்சுருவின் கதை 2014இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடராக ஓடியது. கேட்பவர்கள் பெருகினார்கள், பதினேழு ஆண்டுகளுக்கு முன் வடிக்காததை இன்று எங்கே போய் எடுப்பது? 2018இல் சன்டோரி 17 ஆண்டு ஹிபிகியின் விற்பனையையே நிறுத்தி வைத்தது. கணக்குத் தப்பியதற்கு நாம் வெள்ளி கொடுக்கிறோம். அதை ரசனை என்று மேடையில் பேசுகிறோம்.

கண்ணாடி அலமாரியில் வைத்தால் விஸ்கிக்கு வயதேறும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி போதும்: பாட்டிலில் ஏறாது.

இப்போது நாக்கு. இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

கள்ளுக்கடை நாக்கு என்றால் என்னவென்று பிரமுகருக்குத் தெரியுமா? தென்னங்கள் ஒரே நாளில் பல பானமாக மாறும். காலையில் இறக்கியது இனிக்கும், மதியத்தில் சுரீரென்று ஏறும், மாலையில் புளிக்கும், மறுநாள் காடிதான். பானையில் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிக்காது, பதநீராக நிற்கும். ரப்பர் வெட்டு முடித்துப் பால் நிறுத்துவிட்டுக் கடைக்கு வந்த தொழிலாளி முதல் வாயிலேயே, எந்த நேரத்துக் கள், தண்ணீர் கலந்திருக்கிறதா, நேற்றையதை இன்றையதோடு சேர்த்திருக்கிறார்களா என்று சொல்வார். லேபிள் கிடையாது, எண் கிடையாது, கையேடு கிடையாது. நுரையும் வாசனையும் நாக்கும்தான். அப்பத்துக்கு மாவு பொங்க எந்தக் கள் வேண்டும் என்பது வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. இதற்குப் பெயர் ரசனை இல்லையென்றால் வேறு என்ன பெயர்?

முதிர்ந்த மது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்ற நினைப்பும் அந்தப் பேச்சில் ஒளிந்திருந்தது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைக் குடித்து மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டில் இருக்கிறது. இறக்குமதிச் சரக்கைப் புகழ்வதில்கூட நாம் புதியவர்கள் இல்லை.

இனி, விஸ்கிக்கும் சயாம் ரயில் பாதைக்கும் உள்ள சம்பந்தம். ஜப்பானிய விஸ்கியைப் புகழ்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது மிசுநாரா என்ற ஜப்பானியக் கருவாலி மரப்பீப்பாயை. போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வராமல் போனதால் வேறு வழியின்றிக் கையிலெடுத்த மரம் அது. ஒழுகும், வேலைக்கு வளையாது. தொடக்கத்தில் அதைக் கலவை வல்லுநர்களே விரும்பவில்லை. நம் ஆட்கள் சயாமில் தண்டவாளம் போட்ட காலமும் அந்தப் பீப்பாய்கள் பிறந்த காலமும் ஒன்றேதான். பல ஆண்டுகள் கிடந்த பிறகே அந்த மரம் தன் மணத்தைக் கொடுத்தது. ஹிபிகியின் முதிர்ந்த கலவைகளில் யமசாகி, ஹகுஷு மால்ட்டுகளோடும் சிட்டாவின் தானிய விஸ்கியோடும் அந்த மணமும் சேர்கிறது. என்ன மணம்? உலகமெங்கும் எழுதுகிறார்கள்: சந்தனம், ஊதுவத்தி, தேங்காய்.

சந்தனம். ஊதுவத்தி. தேங்காய்.

பீடோங்கில், கூலிமில், பாடாங் செராயில் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த மூன்றையும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமா? கிளாஸ்கோவில் இருக்கிறவன்தான் சந்தனம் எப்படி மணக்கும் என்று கடையில் வாங்கி மோந்து பார்க்க வேண்டும். நமக்கு அது நெற்றியிலேயே இருக்கிறது. ஷெர்ரிப் பீப்பாயின் மணத்தைச் சொல்ல பிரமுகர் "ஏப்ரிகாட், பிளம்" என்று தடுமாறினார். பொங்கலில் போடும் உலர்திராட்சை, பேரீச்சம்பழம், பாகு காய்ச்சும் வெல்லம் என்றிருந்தால் பின்வரிசைவரை புரிந்திருக்கும். வயதேறிய ஜப்பானிய விஸ்கியை மோந்து பெயர் சொல்ல உலகில் மிகத் தயாராக இருக்கும் மூக்கு தமிழன் மூக்கு. இதை மிகை என்பவர்கள் சொல்லட்டும்.

கள் நம்மைக் கெடுத்தது, விஸ்கி நம்மை உயர்த்தும் என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை; கெடா ஏற்கெனவே சொல்லிவிட்டது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. 1947இல் பீடோங்கில் போலீஸ் தடியோடு வந்தது. உரிமம் வாங்கிக் கடை வைத்துக் கூலியைத் திரும்பக் கறந்தவர்களையும் அவர்கள் எதிர்த்தார்கள். தங்கள் நாக்கை அவர்கள் இழிவாகப் பேசவில்லை. எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து, குளிரூட்டிய மண்டபத்தில், கள்ளைப்போல் எட்டு ஒன்பது மடங்கு காட்டமானதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாக்கை இழிவாகப் பேசுகிறார் அவர்களுடைய பேரன்.

குடிப்பவர்கள் குடியுங்கள், வேண்டாதவர்கள் விடுங்கள். அடுத்த விருந்தில் யாராவது இந்த வாக்கியத்தைச் சொன்னால் சண்டை போடாதீர்கள். மூன்று பாட்டில்களைப் பழைய நாளிதழில் சுற்றி, எண் போட்டு, அவர் முன்னால் வையுங்கள். எது 21 ஆண்டு, எது 12 ஆண்டு, எது பக்கத்துக் கடையில் விற்கும் சாதாரணச் சரக்கு என்று அவரே சொல்லட்டும். சரியாகச் சொன்னால் நாக்கைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு.