சிவசங்கரிக்கு 2028 ஏன் முக்கியம்?

தண்ணீர்மலையிலிருந்து காரில் போனால் கொஞ்ச தூரம்தான் புக்கிட் டும்பார். அங்குள்ள ஸ்குவாஷ் மையத்துக்கு நிக்கோல் டேவிட் பெயர். பினாங்குப் பெண், 8 முறை உலகச் சாம்பியன், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் நிலை. ஆனா, ஒலிம்பிக்கில் அவர் ஆடியதே இல்லை. அவர் காலத்தில் ஸ்குவாஷ் அங்கே இல்லை, அவ்ளோதான்.

2028 லாஸ் ஏஞ்சலஸில் அது முதன்முறையாக இடம்பெறுகிறது. இப்போ நீங்கள் கவனிக்க வேண்டிய பெயர், பக்கத்து மாநிலமான கெடாவின் எஸ். சிவசங்கரி.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கா? 19 வயது சிவசங்கரி, நிக்கோலை ஐந்தாவது செட் வரை இழுத்துத்தான் தோற்றார். 2022 ஜூனில் கார் விபத்து. கடுமையான காயத்தால் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. மறுபடி பழைய ஆட்டம் வருமா என்பதே அப்போதைய கேள்வி.

பதில் 2023 அக்டோபரில் ஹாங்சோவில் வந்தது: ஆசிய தங்கம். அதே மாதம்தான் அனைத்துலக ஒலிம்பிக் மன்றமும் ஸ்குவாஷைச் சேர்த்தது. 2024 ஏப்ரலில் லண்டனில் முதல்நிலை வீராங்கனை நூர் எல் ஷெர்பினியையும், இறுதியில் ஹனியா எல் ஹம்மாமியையும் வென்றார். இருவருமே எகிப்து. ஒரே போட்டியில் இது சாதாரண விஷயம் இல்லீங்க.

அப்போ ஒலிம்பிக் தங்கம் உறுதியா? அவசரப்பட வேண்டாம். மகளிர் பிரிவில் 16 பேருக்கே இடம். அப்போது அவருக்கு 29 வயது. 32 வயதிலும் நிக்கோல் முதலிடத்தில் இருந்தார் என்பதால் வயது பெரிய தடையல்ல, எகிப்துதான் தடை. பாரிஸ் 2024 வரை மலேசியாவுக்கு ஒரு ஒலிம்பிக் தங்கம்கூடக் கிடைக்கவில்லை.