நாப்பதாயிரமும் ஒரு இருபது ரூபா பத்திரமும்

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலத்துல இருந்தே செஞ்சி, திருவண்ணாமலை, விழுப்புரம்னு எல்லாப் பக்கமிருந்தும் ஸ்பெஷல் பஸ் வந்து கொட்டும். நடுராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல்ல உக்காருற நேரத்துல கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துல எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விக்கிறவங்க வரிசையில என் சித்தி பையன் உக்காந்திருப்பான். பேரு வேண்டாம், தம்பின்னே வச்சுக்குவோம். பழத்தை மாலையா கோக்கறதுக்கு வலது கையில கட்டை விரலையும் சுண்டு விரலையும்தான் பயன்படுத்துவான். நடுவுல இருந்த மூணும் இல்லை.

அந்த மூணு விரலுக்கு நாப்பதாயிரம் ரூபாய்னு முடிவு பண்ணின பஞ்சாயத்துல நானும் இருந்தேன். இருந்தேன்னு சொன்னா போதாது. பத்திரத்தை எழுதினதே நான்தான். 'படிச்ச புள்ள, நீயே எழுதிடுப்பா'ன்னாங்க. எழுதினேன். அதனால இந்தப் பதிவுல யாரைத் திட்டினாலும் முதல் திட்டு எனக்குன்னு எடுத்துக்குங்க.

நடந்தது இதுதான். 2022 ஆடி மாசம். தம்பிக்கு அப்ப முப்பது வயசு. பக்கத்து டவுன்ல ஒரு மரவாடியில வட்ட ரம்பத்துல வேலை. மொத்தம் ஆறு பேர் வேலை செய்யிற இடம். தினக்கூலி 600. ரம்பத்து மேல இருக்க வேண்டிய மூடியை எப்பவோ கழட்டி மூலையில போட்டிருந்தாங்க, பெரிய கட்டை நுழையாதுன்னு. ஒரு நாள் மத்தியானம் கட்டை துள்ளிச்சு, கை போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முதலாளியோட மச்சான் சித்திகிட்ட சொன்னாராம்: "வீட்ல விறகு வெட்டும்போது பட்டுச்சுன்னு சொல்லிடுங்கம்மா. போலீஸ் கேஸ் ஆச்சுன்னா அவனுக்கும் அலைச்சல், நமக்கும் அலைச்சல்." சித்தி அப்படியே சொல்லிட்டாங்க. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல, ஏ.ஆர். காப்பின்னு சொல்வாங்களே, அதுல 'வீட்டில் விறகு வெட்டும்போது' ன்னு பதிவாயிடுச்சு. அந்த ஒரு வரியோட விலை என்னன்னு அன்னிக்கு எங்க யாருக்கும் தெரியாது. மச்சானுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

பதினஞ்சு நாள் கழிச்சுப் பேச்சுவார்த்தை. முதலாளி நல்லாத்தான் பேசினார். (நெஜமாவே மோசமான ஆள் இல்லை. பொங்கலுக்கு எல்லாருக்கும் வேட்டி துணி எடுத்துத் தருவார். பிரச்சினையே அங்கதான் இருக்கு, வர்றேன்.) "என் தம்பி மாதிரி அவன். என்னால முடிஞ்ச உதவி நாப்பதாயிரம் தர்றேன்" னார். ஊர்ப் பெரியவங்க 'மனசாரக் குடுக்கிறார், வாங்கிக்க' ன்னாங்க. இருபது ரூபா பத்திரத்துல 'இனிமேல் எந்தக் காலத்திலும் எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன்' னு நான் எழுத, தம்பி இடது கைக் கட்டை விரலை வச்சான். வலது கையில கட்டு.

போன வருஷம் ஒரு தொழிற்சங்க நண்பரோட டீ குடிக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் டீயை வச்சிட்டு, செல்போன்ல கால்குலேட்டரைத் திறந்தார்.

1923ல போட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1ல அமலுக்கு வந்தது. வெள்ளைக்காரன் போட்டதுதான். அதுல ஒரு அட்டவணை இருக்கு. மனுஷ உடம்புல எது போனா சம்பாதிக்கிற சக்தி எத்தனை சதவீதம் போச்சுன்னு கசாப்புக் கடைப் பலகை மாதிரி எழுதி வச்சிருக்கான். கட்டை விரல் 30. ஆள்காட்டி விரல் முழுசா போனா 14. ஒரே கையில ரெண்டு விரல்னா 20, மூணுன்னா 30, நாலுன்னா 50. படிக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனா அந்த ஈவு இரக்கமில்லாத பலகைதான் தம்பிக்கு வேண்டியிருந்தது. எங்க இரக்கம் ஒண்ணுக்கும் உதவலை.

நண்பர் போட்ட கணக்கு: தினம் 600, மாசம் 26 நாள், 15,600. சட்டம் கணக்குல எடுத்துக்கிற உச்ச வரம்பு 15,000. அதுல 60 சதவீதம் 9,000. முப்பது வயசுக்கு இன்னொரு அட்டவணையில உள்ள எண் 207.98. பெருக்கினா 18,71,820. இது இனிமே எந்த வேலையும் செய்ய முடியாதவனுக்கு. மூணு விரலுக்கு அதுல 30 சதவீதம்.

5,61,546 ரூபாய்.

நான் கால்குலேட்டரை வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்துச்சு.

இன்னும் கேளுங்க. விபத்து நடந்த ஒரு மாசத்துக்குள்ள குடுக்கலைன்னா வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. ஒரு வருஷத்து வட்டி மட்டும் 67 ஆயிரத்துச் சொச்சம். அதாவது, நாங்க கும்பிட்டு வாங்கின நாப்பதாயிரம் ஒரு வருஷ வட்டிக்கே காணாது! சரியான காரணமில்லாம இழுத்தடிச்சா வட்டிக்கு மேல பாதி வரைக்கும் அபராதம் வேற. வைத்தியச் செலவு தனி, அதை முழுசா முதலாளிதான் தரணும்.

அந்தப் பத்திரம்? நான் அழகா பத்தி பிரிச்சு எழுதினேனே, அது? சட்டத்தோட 17வது பிரிவுப்படி, தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக் குடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. பேசி முடிக்கிறதா இருந்தாலும் அதை இழப்பீட்டு ஆணையர்கிட்ட, அதாவது நம்மூர்ல தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட, பதிவு பண்ணணும். தொகை ரொம்பக் குறைவுன்னா அவர் பதிவு பண்ணவே மறுக்கலாம். பதிவு பண்ணாம விட்டா முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பு. ஏற்கெனவே குடுத்ததுல பாதிக்கு மேல, ஆணையர் சொன்னாலொழிய, கழிச்சுக்கவும் முடியாது. செத்துப்போன கேஸ்னா இன்னும் கடுமை: பணத்தை ஆணையர்கிட்டதான் கட்டணும், வீட்டுக்காரங்க கையில நேரா குடுத்தா அது இழப்பீடாவே சேராது.

யோசிச்சுப் பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி இதை எழுதினவனுக்கு எங்க பஞ்சாயத்து எப்படி நடக்கும்னு தெரிஞ்சிருக்கு. கையில கட்டோட இருக்கிறவன் முன்னால நோட்டைக் காட்டினா எந்தப் பத்திரத்துலயும் ரேகை வைப்பான், அவன் சொந்தக்காரன் ஒருத்தன் அதை எழுதித் தருவான்னு தெரிஞ்சிருக்கு. அதுக்குத்தான் இந்தப் பூட்டெல்லாம். பூட்டு இருக்கிறதே தெரியாம நாங்க சாவியைத் தூக்கிக் குடுத்துட்டு வந்தோம்.

இப்ப என் சண்டை அந்த 'உதவி'ங்கிற வார்த்தையோட. முதலாளி தந்தது உதவி இல்லை, கடன்ல கொஞ்சம். வேலையில அடிபட்ட நிமிஷமே அந்தக் கடன் உண்டாயிடுது. 1975லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கு. ஒரிசாவுல ஜெய்ப்பூர்ங்கிற ஊர்ல சினிமா கொட்டகைக்கு அலங்கார வேலை செஞ்ச ஒரு தச்சர், 1968ல விழுந்து இடது கை போச்சு. ஒரு கைதானே போச்சு, மொத்தமா முடங்கலையேன்னு முதலாளி தரப்பு வாதாடிச்சு. ஒத்தைக் கையால தச்சு வேலை செய்ய முடியாது, அதனால அவருக்கு இது முழு ஊனம்தான்னு தீர்ப்பு. பணம் எப்ப தரணும்? ஆணையர் தீர்ப்பு சொன்ன நாள்ல இருந்து இல்லை, விபத்து நடந்த நாள்ல இருந்தேன்னு அதே தீர்ப்புல இருக்கு. உதவின்னு பேரு வச்சா குடுக்கிறவன் பெரிய மனுஷன் ஆயிடறான், வாங்கறவன் தலை குனியணும். கடன்னு சொன்னா அப்படியே தலைகீழ். நல்லவரா இருக்கிற முதலாளிகிட்ட 'கடனைக் குடு'ன்னு கேக்க நமக்கு வாய் வராது பாருங்க, அந்த வேட்டி துணி வேலை செய்யறது அங்கதான்.

"சின்ன மரவாடி வச்சிருக்கிறவன் அஞ்சரை லட்சத்துக்கு எங்க போவான்?" னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதிலும் இருக்கு: இன்சூரன்ஸ். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியான்னு அரசாங்க கம்பெனிகளே தொழிலாளர் இழப்பீட்டுக்குன்னு தனி பாலிசி விக்கிறாங்க. மரவாடி முதலாளிக்கு இன்சூரன்ஸ்னா என்னன்னு தெரியாமயா இருக்கு? லாரிக்கு இருக்கு, ஏன்னா ரோட்ல பிடிப்பான். மரத்துக்குத் தீ இன்சூரன்ஸ் இருக்கு, ஏன்னா பேங்க்காரன் லோன் தரமாட்டான். ஆளுக்கு மட்டும் இல்லை, ஏன்னா கேக்க யாரும் வரலை. பத்து பேருக்கு மேல இருந்தா ஈ.எஸ்.ஐ. வரும், அதுக்குள்ள அடங்காத ஆறு பேர் பட்டறை எல்லாம் இப்படித்தான். அஞ்சரை லட்சம் செலவு எங்கயும் காணாம போகலை சாமி. பாலிசி கட்டாததால மிச்சமானது முதலாளி பக்கம், செலவு சித்தி வீட்ல. அவங்க ரெண்டு ஆட்டை வித்தாங்க, அப்புறம் தோட்டை வித்தாங்க.

"அவன் கவனமில்லாம கை வச்சான்" ன்னு ஒரு பேச்சு ஊர்ல உண்டு. கவனக்குறைவுக்குச் சட்டத்துல கழிவு கிடையாதுங்க. குடிச்சிருந்தா, பாதுகாப்புக்குன்னு போட்ட உத்தரவை வேணும்னே மீறியிருந்தா, மூடியைத் தொழிலாளியே வேணும்னு கழட்டியிருந்தா, அப்பதான் விலக்கு. சாவு, முழு ஊனம்னா அந்த விலக்கும் செல்லாது. இங்க மூடியைக் கழட்டினது யாருன்னு மூலையில கிடந்த துருவுக்கே தெரியும்.

சட்டத்தைத் தலையில தூக்கி வச்சு ஆடறேன்னு நினைச்சுடாதீங்க. அதுலயும் வயித்தெரிச்சல் இருக்கு. சம்பள வரம்பு 2010ல 8,000 ஆச்சு. அப்புறம் பத்து வருஷம் அசையலை, 2020 ஜனவரியிலதான் 15,000. எங்க பக்கத்துல இருந்து மெட்ராசுக்குப் போற கொத்தனார் ஒரு நாளைக்கு ஆயிரம் வாங்கினா மாசம் 26,000. சாரத்துல இருந்து விழுந்தா சட்டத்தோட கண்ணுக்கு அவன் 15,000 ரூபா ஆள்தான். தாமதம் அதைவிடக் கொடுமை. மகாராஷ்டிராவுல ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன், 2003 ஏப்ரல்ல விடியக்காலை டூட்டிக்குப் போற வழியில விபத்துல செத்துப் போனார். ஆணையர் குடுக்கச் சொன்னது 3,26,140 ரூபாய். உயர் நீதிமன்றம் 'வழியில நடந்ததுதானே'ன்னு ரத்து பண்ணிடுச்சு. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் குடுத்தது 2025 ஜூலையில. இருபத்திரண்டு வருஷம்! அதே வருஷம் நவம்பர் 21ல இருந்து 1923 சட்டமே போய், சமூகப் பாதுகாப்புத் தொகுப்புங்கிற புதுச் சட்டத்துக்குள்ள இது வந்துடுச்சு. வேலைக்குப் போற வர்ற வழியில நடக்கிற விபத்தும் அதுல எழுத்துலயே இருக்கு. நல்லதுதான். ஆனா தம்பி விபத்து பழைய சட்டம் இருந்தப்ப நடந்தது, எங்க கணக்கு பழைய கணக்கு.

அதுலதான் ஒரு முள். பழைய சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். எங்களுக்கு அது எப்பவோ தாண்டிடுச்சு. தகுந்த காரணம் இருந்தா தாமதத்தை மன்னிச்சு ஆணையர் மனுவை எடுத்துக்கலாம்னு இருக்கு. 'எங்களுக்குத் தெரியாது' ங்கிறது தகுந்த காரணமான்னு அவர்தான் சொல்லணும். ஏ.ஆர். காப்பியில விறகு வெட்டினான்னு இருக்கு. கூட வேலை செஞ்சவங்கள்ல ஒருத்தர் மட்டும், இப்ப வேற இடத்துல இருக்கிறதால, சாட்சி சொல்ல வர்றேன்னிருக்கார்.

மௌலிவாக்கத்துல 2014 ஜூன்ல 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் செத்தப்ப நாடே பார்த்துச்சு. நாம எல்லாரும் கோபமா எழுதினோம். மூணு விரல் சரியறதுக்கு டிவி வராது. உங்க ஊர்லயும் ஒரு மரவாடி, ஒரு கல்லு மிஷின், ஒரு ரைஸ் மில் இருக்கும். அங்க யாருக்காவது அடிபட்டா 'படிச்ச புள்ள'ன்னு உங்களைத்தான் கூப்பிடுவாங்க. போங்க. பேனாவை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. ஏ.ஆர். காப்பியில வேலை செஞ்ச இடம் சரியா ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க.

போன அமாவாசைக்கு மறுநாள் மனு டைப் பண்ணி முடிச்சோம். தம்பி இப்ப இடது கையால கையெழுத்துப் போடப் பழகிட்டான், கொஞ்சம் கோணலா வரும். விஷயம் எப்படியோ கசிஞ்சு, அன்னிக்கு ராத்திரியே முதலாளி எனக்குப் போன் பண்ணினார். கோபமா பேசலை, வருத்தமாத்தான் பேசினார்.

"என்ன தம்பி இது, பேசி முடிச்ச விஷயம். அந்தப் பத்திரத்தையே நீங்கதானே எழுதுனீங்க?"

"ஆமாங்க, நான்தான் எழுதினேன். அதோட ஜெராக்ஸையும் மனுவோட இணைச்சிருக்கோம்" னேன்.