உடக்கும் கப்பியும்

எமது பல்கலைக்கழக நாடக மேடைகளிலே வாள் என்றால் றெஜிபோம் வாள். தேர் என்றால் றெஜிபோம் தேர். சற்று வசதி படைத்த குழுவாயின் கொழும்பிலிருந்து மின்மோட்டார் பூட்டிய கருவியொன்று வாடகைக்கு வரும். நாடகம் வேண்டி நிற்கும் ஓர் அசைவை ஆராய்ந்து, அவ்வசைவுக்கென்றே ஒரு பொறியை மாணவர் தாமே வகுத்துச் செய்தல் அருகியே காணப்படுகின்றது. செய்தாலும் அதனை ஆக்கம் என மதிப்பார் இலர். இம்மதிப்பீடு பிழையானது என்பதே என் வாதம். அதற்கு மன்னாரைச் சான்றாக அழைக்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இறுதியாண்டு மாணவர் குழுவொன்று முத்துக்குளிப்பைப் பொருளாகக் கொண்டு நாடகமொன்றைத் தயாரிக்க முனைந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய மன்னார்க் கரையோர ஊர்கள் ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கு முத்து அனுப்பியவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்பதி நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டைக் கடல் அரித்து வருகின்றது. 1906இல் மறிச்சுக்கட்டியில் குளிப்பை மேற்பார்வை செய்த ஆங்கில அலுவலருள் லெனாட் வூல்வும் ஒருவர். மாளிகை கட்டியவர் பெயரும் மேற்பார்த்தவர் பெயரும் எமக்குத் தெரியும்; கடலுள் இறங்கியவன் பெயர் தெரியாது. அவனை மேடையில் இறக்குவது எங்ஙனம் என்பதே மாணவரின் சிக்கலாயிற்று.

முத்துக்குளிப்பே ஒரு பொறிமுறை என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். குளிப்பாளி கயிற்றிற் கட்டிய கல்லின்மீது காலூன்றி, மூச்சடக்கி இறங்குவான். அடி தொட்டதும் தோணியில் நிற்பவன் கல்லை மட்டும் மேலே இழுத்துக்கொள்வான். ஆள் கீழே தங்கிச் சிப்பி பொறுக்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மற்றைய கயிற்றை அசைப்பான். அதன் பின்னரே அவனை இழுத்தெடுப்பர். கயிறு இரண்டு, காலமும் இரண்டு. கல் ஏறிவிட்டது, ஆள் இன்னும் ஏறவில்லை என்ற அந்த இடைவெளியிலேதான் நாடகம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. இதனைக் கண்டுபிடித்தவர் மாணவரேயன்றி நான் அல்லேன்.

முதலில் அவர்களும் மின்மோட்டாரையே நாடினர். ஒத்திகையில் குளிப்பாளி இறங்கியமை மாடிக் கட்டடத்து மின்தூக்கி இறங்குவதை ஒத்திருந்தது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வேகம். கல்லின் பாரம் எங்கும் புலப்படவில்லை. போதாக்குறைக்கு மின்சாரமும் நின்றது. அவ்வேளையிற்றான் பேசாலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி உடக்கை நினைவூட்டினாள்.

உடக்கு என்பது மூட்டுகள் அசையுமாறு செய்யப்பட்ட மனிதப் படிமம். தவக்காலத்திலே பசாம் ஒலிக்க, மறைவில் நிற்போர் அசைக்க, இயேசுவின் பாடுகளை உடக்குகள் நிகழ்த்திக் காட்டுவது உடக்குப் பாஸ்கு. மன்னார்த் தீவிலே பேசாலை இதற்குப் பெயர் பெற்ற ஊர். சிலுவையிலே தலை சாயும் கணத்தை எண்ணிப் பாருங்கள். தலையின் பாரம் கழுத்து அச்சுக்கு முன்னே விழுமாறு அமைத்து, பின்னே ஒரு கயிற்றால் தாங்கினாற் போதும். கயிற்றைத் தளர்த்தும் கையே மரணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கின்றது. அக்கை பசாமின் சொல்லைக் கேட்டுக்கொண்டே தளர்த்துகின்றது. இத்தகைய செவி எந்த மோட்டாருக்கு உண்டு?

மாணவர் உடக்கைப் படியெடுக்கவில்லை. அதன் நியாயத்தை எடுத்துக்கொண்டனர். பாரமற்ற முருக்க மரத்தில் அரையாள் அளவில் ஓர் உருவம். கழுத்திலும் தோளிலும் முழங்காலிலும் மூட்டு. காலடியில் மெய்யான கல். மேலே இரு கப்பிகள். கல்லை விலக்கியதும் முழங்கால் மடியும், உடல் மெல்லச் சாயும். முதன்முறை கல் அடியில் நில்லாது துள்ளியது. தோணித் தொழிலாளி ஒருவர் நைலோன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தே, "தம்பி, இது இழுபடுற கயிறு" என்றார். நீளாத பின்னற் கயிறு பூட்டியதும் துள்ளல் நின்றது. நாடக இறுதியில் கல் மேலே வந்தது. இரண்டாவது கயிறு அசையவில்லை. மண்டபம் அக்கயிற்றையே பார்த்திருந்தது.

மதிப்பீட்டாளர் ஒருவர் வினவியது இது: "பொம்மை நன்று, அந்த இடத்துக்குரிய எழுத்து எங்கே?" புள்ளித் தாளில் பிரதி, நடிப்பு, நெறியாள்கை எனத் தனித்தனி நிரல்கள் இருந்தன. பொறி 'ஏனையவை'யுள் ஒதுங்கியது. எழுத்துப் பிரதியில் அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பது உண்மையே. அங்கே கயிறுதான் பிரதி.

கூத்துக்கு மேடைப்பொருள் எதற்கு எனச் சிலர் கேட்பர். மாதோட்டப் பாங்கும் யாழ்ப்பாணப் பாங்கும் வாசாப்பும் ஆடுவோன் உடலையும் குரலையும் நம்பி நிற்பன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதே மண்ணில் பொருளே நடிக்கும் மரபும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது ஆய்வாகாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தமையால் அவற்றின் பாடல்கள் எமக்குக் கிட்டின. பாடல் அச்சேறும், மூட்டு தானாக அச்சேறாது. அதற்கு அளவெடுத்து வரைபவன் வேண்டும்.

பொறி என்பது ஏமாற்று என்போரும் உளர். இங்கிலாந்தின் பொக்ஸ்லி மடத்திலே கண்ணும் உதடும் அசைந்த சிலுவையுருவை, உள்ளே கம்பி இருந்ததென்று காட்டி, 1538இல் இலண்டனில் அழித்தனர். பாஸ்கு பார்க்கும் மக்களோ கயிற்றை ஒருவர் இழுப்பதை நன்கறிவர்; அறிந்துகொண்டே அழுவர். இவ்வேறுபாட்டை விளக்க எந்த அரங்கியற் கோட்பாட்டு நூலை நாம் கற்பிக்கின்றோம்?

தமிழ் கற்பிக்கும் நாமும் குற்றத்தினின்று தப்பவில்லை. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச்சென்ற மயிற்பொறியையும், பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்திய பொய்யானையையும் ஆண்டுதோறும் விளக்குகின்றோம். உவமை, அணி, அவலச்சுவை யாவும் சொல்லுகின்றோம். அம்மயிலைச் செய்த தச்சனைப் பற்றி வினாத்தாளில் ஒரு வினாவேனும் கேட்டதுண்டா? முருக்க மரம் எது, வேம்பு எது எனப் பிரித்தறியாத நாமே அப்பொறியை 'புலவனின் கற்பனை வளம்' என்று எளிதாக முடித்துவிடுகின்றோம்.

நான் கேட்பது பெரிதன்று. புள்ளித் தாளில் பொறிவகுப்புக்குத் தனி நிரல். ஒவ்வொரு பொறிக்கும் அளவுடன் கூடிய வரைபடம். செய்முறைத் தேர்விலே தச்சரோ தோணித் தொழிலாளியோ மதிப்பீட்டாளராக அமரும் ஒரு நாற்காலி. கல்வித் தகைமை பற்றிய விதிகளை உடனே எடுத்துக்காட்டுவர் என்பதை அறிவேன். அவ்விதிகளின்படி, கயிற்றைத் தொட்டதும் பிழை கண்டவர் மண்டபத்துட் பார்வையாளராக மட்டுமே நுழையலாம்.

அந்தக் குளிப்பாளியின் உருவம் இப்போது களஞ்சிய அறையில் முகங்குப்புறக் கிடக்கின்றது. அண்மையில் நடந்த விழாவொன்றுக்குப் பதாகை கட்டுவதற்காக அதன் இரு கயிறுகளையும் அறுத்துச் சென்றுவிட்டனர். கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கின்றனர்.