பையின் பாடமும் நமது கடமையும்

மாலை வேளையில் பாண்டி பஜாரில் சற்று நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, கைபேசியையே பார்த்து நிற்கும் வாலிபர்களைக் காணலாம். பட்டம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. அடையாற்றுக்குச் சாப்பாடு, மயிலாப்பூருக்கு மளிகை என்று அழைப்பு வந்தால்தான் அன்றைய கூலி. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. பெட்ரோல் அவர்கள் செலவு. வண்டித் தவணையும் அவர்கள் செலவு. ஆயினும் கம்பெனி அவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறது. லாபத்தில் பங்கில்லாத கூட்டாளி!

இவர்களிடம் பொருளாதாரக் கொள்கை பற்றிப் பேசினால், “எந்த சர்க்கார் வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான்” என்கிறார் ஒருவர். “சங்கம் எதற்கு? என் சாமர்த்தியத்தில் நான் பிழைப்பேன்” என்கிறார் மற்றொருவர். இதைக் கேட்டு நம் தோழர்கள் சிலர், இளைஞருக்கு அரசியல் உணர்வே இல்லை என்று சலித்துக்கொள்கின்றனர்.

அது தவறு என்போம் நாம். மனிதன் தன் பையிலிருந்துதான் பொருளாதாரம் படிக்கிறான். தனியாகத் துன்பப்படுகிறவனுக்குத் தனி வழிதான் கண்ணுக்குத் தெரியும். பெரம்பூர் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் நுழைந்தனர். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்த வாலிபர்களுக்கோ ஆலை வாயிலும் இல்லை. முதலாளியின் முகமும் தெரியாது.

ஆனால், ஒன்றுபட்டால் கொள்கை மாறாதா? கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராடி, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை 2018-ல் சட்டமாக்கினர். தமிழகத்தில் 2021-ல் அதேபோல் சட்டம் திருத்தப்பட்டது. ரங்கநாதன் தெருவில் நாள் முழுதும் கால் கடுக்க நின்றவர்க்கு அதன் அருமை தெரியும். 12 மணி நேர வேலைக்கு வழிதிறந்த மசோதா, 2023 ஏப்ரல் 21-ல் நமது சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது!

டெலிவரி வாலிபர்களுக்கு என்ன கிடைத்தது? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. அதற்கும் உச்சவரம்பு உண்டு: தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம். குறைந்தபட்சக் கூலி உரிமையை அது தரவில்லை. நிதி வேண்டியதே, ஆனால் கூலிக்கு அது ஈடாகுமா?

தோழர்களே! சொற்பொழிவை ஒதுக்கிவைத்து அவர்களிடம் செல்லுங்கள். உடன் நின்று டீ குடியுங்கள். பெட்ரோல் எவ்வளவு, தவணை எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். பத்துப் பேர் ஒன்றாக அமர்ந்து அந்தக் கணக்கைப் போட்டால், குறை தம் சாமர்த்தியத்தில் இல்லை என்பது அவர்களுக்கே விளங்கும். கோஷத்தைப் பிறகு அவர்களே எழுதுவார்கள்.

1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது நமது சென்னைக் கடற்கரையில்தான். அங்கிருந்து பாண்டி பஜார் வெகு தூரமில்லை. நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.