திரையெழுத்தைப் படித்து வாங்குவோம்!



1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியிலும், 1996-இல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியிலும் வந்தன. அன்று தியேட்டரில் கேட்ட சரவுண்ட் ஒலியை இன்று நெல்லை டவுனிலும் பாளையிலும் அம்பையிலும் நம்மவர்கள் வீட்டுக்கே வாங்குகிறோம். பண்டிகை வியாபாரத்தில் மிஞ்சிய பணம் அது. கொடுத்த பணத்துக்குச் சரக்கு வருகிறதா?

மூட்டையில் அச்சடித்த எடையை நம்பி நாம் பணம் கொடுப்பதில்லை. தராசில் வைத்துப் பார்க்கிறோம். இங்கே தராசு, ஆம்பிளிபயரின் முகப்பில் ஒளிரும் எழுத்துதான்.

பெட்டியில் ‘5.1’ என்றால் முன்னே மூன்று, பக்கவாட்டிலோ பின்னேயோ இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று என ஆறு ஸ்பீக்கர்கள். முகப்பில் ‘பி.சி.எம். 2.0’ என்று வந்தால் உள்ளே வருவது இரண்டே தடங்கள். ‘புரோ லாஜிக்’ என்றால் அந்த இரண்டையே கருவி எல்லாவற்றுக்கும் பங்கிடுகிறது. ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘டி.டி.எஸ்.’ என்பதோடு 5.1 என்றும் காட்டினால் தனித்தனித் தடங்கள் வருகின்றன.

எல்லாம் கருவியின் குறையல்ல. டி.வி.யின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்றிருப்பதை ‘பிட்ஸ்ட்ரீம்’ என மாற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். இரண்டு தடத்தில் பதிவான பழைய பாட்டுக்கு 2.0 காட்டுவதும் முறையே.

ஆகவே, கடையிலேயே படம் போட்டு எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரும் நம்மைப்போல் வணிகரே. கண்ணெதிரே நிறுத்துக் கொடுப்பது நம் மரபு; எழுத்தைக் காட்டி விற்பதே அவர் நாணயம்.